நீலகிரியின் அரிவாளணுக்கள்: ஒரு மரபணுவின் பிறப்பிடம் பற்றிய எழுபதாண்டுத் தேடல்

ஆய்வுச்சுருக்கம்

நீலகிரிப் பழங்குடி மக்களின் குருதியில் அரிவாளணுப் பண்பு இருப்பது 1952ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அப்பண்பு எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு முதலில் இனக் கோட்பாடும், பின்னர் மலேரியாக் கருதுகோளும், அதன்பின் மரபணு ஆய்வும் விடை கூற முயன்றன. இக்கட்டுரை அவ்விடைகளைக் காலமுறைப்படி ஆராய்கிறது. ஒரு மரபணு எங்கே தோன்றியது என்பதும், அது ஒரு மக்கள்திரளில் ஏன் மிகுந்து நிலைத்தது என்பதும் வெவ்வேறு வினாக்கள். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதே தொடக்ககால ஆய்வின் பெரும்பிழை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். அப்பிழையின் தடம் இன்றைய மருத்துவ நடைமுறையிலும் தொடர்வது இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அரிவாளணுப் பண்பு, ஈமோகுளோபின், நீலகிரி, இருளர், மலேரியா, இயற்கைத் தேர்வு, அகமணம்

முன்னுரை

நீலகிரி மக்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். தோடரின் எருமைச் சடங்குகள், கோத்தரின் இசை, குறும்பரின் தேனெடுப்பு ஆகியன குறித்து மானிடவியலார் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிவருகின்றனர். ஆயினும் அம்மலைச் சரிவுகளில் வாழ்வோரின் குருதி உலக மருத்துவ வரலாற்றில் நெடியதொரு விவாதத்தைக் கிளப்பியது என்னும் செய்தி தமிழில் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1952ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். தென்னிந்தியாவில் அரிவாளணுப் பண்பு உண்டு என்பதை அது அறிவித்தது. அதுவரை ஆப்பிரிக்க மரபினருக்கும் நடுநிலக்கடற்கரை மக்கள் சிலருக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட ஒரு பண்பு, இருளர், குறும்பர் முதலிய நீலகிரி மக்களிடம் பெருமளவில் காணப்பட்டது. அதே ஆண்டில் டன்லப், மசும்தார் ஆகியோர் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் அப்பண்பைக் கண்டு எழுதினர். அத்தொழிலாளர் அசாம் மண்ணின் மக்கள் அல்லர். பீகார், ஒடிசாப் பகுதிகளிலிருந்து தோட்டவேலைக்காகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழியினர்.

ஆக, ஒரே ஆண்டில் இந்தியாவின் இருவேறு மூலைகளிலிருந்து ஒரே செய்தி வந்தது. ஒன்றோடொன்று மொழியாலும் வாழ்முறையாலும் தொடர்பில்லாத மக்களிடம், கடல்கடந்த ஆப்பிரிக்காவில் அறியப்பட்ட ஒரு மரபுக்கூறு எவ்வாறு அமைந்தது?

பண்பும் நோயும்

வரலாற்றுக்குள் புகுமுன், பண்பு என்பதையும் நோய் என்பதையும் வேறுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது. பழைய ஆய்வுகளைப் பயில்வோர் பலர் இடறும் இடம் இது.

சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபின், இரண்டு ஆல்பாச் சங்கிலிகளாலும் இரண்டு பீட்டாச் சங்கிலிகளாலும் ஆனது. பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் அவ்விடத்தில் வாலின் அமர்ந்துவிட்டால், உயிர்வளி நீங்கும்போது ஈமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. அவ்விழைகளால் இழுபட்டு, வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவருக்கே அரிவாளணுச் சோகை உண்டாகிறது. அணுக்கள் விரைவில் சிதைகின்றன, நுண்குழல்கள் அடைபடுகின்றன, எலும்புகளில் தாங்கொணா வலி எழுகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பண்பைச் சுமப்பவர் மட்டுமே. அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார். தாம் சுமப்பவர் என்பதையே அறியாமலும் போகிறார்.

லேமனும் கட்புஷும் செய்தது அணு வளைகிறதா எனப் பார்க்கும் எளிய ஆய்வு. அவ்வாய்வு பண்பையும் நோயையும் பிரித்துக் காட்டாது. ஆகவே, அக்காலக் கட்டுரைகளில் காணப்படும் விழுக்காடுகளை நோயாளரின் எண்ணிக்கையாகக் கொள்ளுதல் தவறு. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஓர் ஊரில் நூற்றுக்கு 30 பேர் பண்பைச் சுமப்பவர் எனக் கொள்வோம். யாரும் யாரையும் மணக்கலாம் என்றால், நூறு திருமணங்களில் ஏறத்தாழ 9இல் மணமக்கள் இருவருமே சுமப்பவராயிருப்பர். அவர்தம் பிள்ளைகளில் நால்வருக்கு ஒருவர் நோயுடன் பிறப்பர். அதாவது ஆயிரம் பிறப்புகளில் 22 அல்லது 23. மருத்துவம் எட்டாத பழங்காலத்தில் இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் வளர்ந்து மணம்புரியும் வயதை எட்டியிருக்க மாட்டார்கள்.

நோய்க்கு முதன்முதல் விளக்கம் எழுதியவர் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக். 1910இல் அவர் விவரித்த நோயாளி, கரீபியத் தீவான கிரனடாவிலிருந்து பல்மருத்துவம் பயில வந்த ஒரு கறுப்பின மாணவர். அதன்பின் தொடர்ந்து கறுப்பின மக்களிடமே நோய் அறியப்பட்டமையால், அமெரிக்க மருத்துவம் அதை ஓர் இனத்தின் நோயாகவே கொண்டுவிட்டது. வெள்ளையர் குடும்பத்தில் அது தோன்றினால், அக்குடும்பத்தின் முன்னோரில் ஆப்பிரிக்கர் ஒருவர் மறைந்திருக்கவேண்டும் என்றே வாதிட்டனர். கிரேக்க, இத்தாலியக் குடும்பங்கள் அவ்வாறு ஐயுறப்பட்டன. இனத்தைக் கொண்டு நோயை அறிவதும், நோயைக் கொண்டு இனத்தை முடிவுசெய்வதும் ஒரு வட்டமாகச் சுழன்றன.

1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய உடனாய்வாளரும், நோயாளியின் ஈமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதைக் காட்டி, இதனை 'மூலக்கூறு நோய்' என்றனர். 1956இல் வெர்னான் இங்ராம், வேறுபாடு ஒரேயோர் அமினோ அமிலத்தில் உள்ளது என்னும் உண்மையை நோக்கி ஆய்வைச் செலுத்தினார். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான் நீலகிரி விவாதத்துக்குள் வருகிறது. நோயின் வேதியியல் தெளிவாகிக்கொண்டிருந்தது. அதன் வரலாறோ இன்னும் இனச் சொற்களாலேயே எழுதப்பட்டது.

லேமனின் கோட்பாடு

லேமன் செர்மனியின் ஆலெ நகரில் 1910இல் பிறந்தவர். நாசிகளின் எழுச்சியால் தாய்நாட்டை விட்டு இங்கிலாந்து சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியப் படையின் மருத்துவராக இந்தியாவில் பணியாற்றினார். பின் உகாண்டாவில் குருதிச்சோகையை ஆய்ந்தார். இந்தியாவையும் கிழக்காப்பிரிக்காவையும் நேரில் அறிந்த குருதியியலார் அந்நாளில் மிகச் சிலரே. இருபகுதிகளையும் இணைக்கும் ஒரு கோட்பாட்டை அவர் முன்வைத்தது வியப்பன்று.

நீலகிரியில் கண்டவற்றுள் இரண்டு செய்திகள் அவருடைய கவனத்தைக் கவர்ந்தன. ஒன்று, பண்பின் பரவல் சமூகத்துக்குச் சமூகம் பெரிதும் வேறுபட்டது. சரிவுக்காடுகளில் வாழ்ந்த இருளரிடம் அது மிகுதி; மேட்டுநிலத்துத் தோடரிடமும் படகரிடமும் குறைவு. மற்றொன்று, ஆப்பிரிக்க மக்களிடம் ஓங்கி நிற்கும் ஆர்எச் குருதிவகைக் கூறுகள் இம்மக்களிடம் அவ்வாறு ஓங்கவில்லை. ஆகவே ஆப்பிரிக்கக் கலப்பால் இப்பண்பு வந்தது எனல் பொருந்தாது என அவர் முடிவுசெய்தார். இம்முடிவு சரியானது. இங்கே கட்புஷின் பங்கு குறிப்பிடத்தக்கது. குருதிவகை ஆய்வில் தேர்ந்தவர் அவர். 1950இல் டஃபி குருதிவகையை மாலிசனோடும் பார்க்கினோடும் சேர்ந்து கண்டறிந்தவர். (அந்த டஃபி வகையே ஒருவகை மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையும் வாயில் என்பது கால்நூற்றாண்டு கழித்துத் தெரியவந்தது. மலேரியாவின் இரு தடயங்களை ஒரே காலத்தில் கையில் வைத்திருந்தும், அது மலேரியாவின் தடயம் என அறியாத நிலை அன்று இருந்தது.)

சரியான முடிவிலிருந்து லேமன் எடுத்துவைத்த அடுத்த அடி தவறியது. இருளர் முதலியோரை அக்கால மானிடவியல் 'திராவிடருக்கு முந்தையோர்' என்றும், இலங்கை வேடரின் பெயரால் 'வேடரினத்தார்' என்றும் வகைப்படுத்தியிருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து எழுதிய காலந்தொட்டு வந்த மரபு அது. லேமன் அவ்வகைப்பாட்டை அப்படியே ஏற்றார். தென்னரேபியாவிலும் வேடரினக் கூறுகள் உண்டு என்ற அந்நாளைய கருத்தையும் சேர்த்துக்கொண்டார். அரிவாளணு மரபணு வேடரினத்தாரிடம் தோன்றியது. ஒரு கிளையோடு இந்தியாவுக்கும், மற்றொரு கிளையோடு அரேபியா வழியாகக் கிழக்காப்பிரிக்காவுக்கும் சென்றது என்று 1954இல் எழுதினார். அக்கட்டுரை வெளிவந்தது மனித இன மேம்பாட்டியல் இதழ் ஒன்றில். இனவாத ஆட்சியிலிருந்து தப்பி வந்த ஓர் அறிஞர், இனவகைப்பாட்டை அத்துணை எளிதாகக் கையாண்டது இன்று படிக்கையில் உறுத்துகிறது. ஆயினும் அவருடைய நோக்கம் ஆப்பிரிக்கரைத் தாழ்த்துவது அன்று என்பதையும் சொல்லவேண்டும். 'கறுப்பின நோய்' என்னும் அமெரிக்க வட்டத்தை உடைத்தவர்களுள் அவரும் ஒருவர். ஓர் இனத்திடமிருந்து நோயைப் பிரித்தெடுத்தவர், அதை மற்றோர் இனத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இக்கோட்பாட்டைச் சோதிப்பதற்குரிய இடம் இலங்கை. வேடரினம் என்ற பெயரே வேடரிடமிருந்து வந்ததாதலின், அரிவாளணு மரபணு அவர்களிடம் இருத்தல் வேண்டும். 1950களின் நடுவிலும் 1960களின் தொடக்கத்திலும் விக்கிரமசிங்கவும் லேமன் உள்ளிட்ட பிறரும் வேடரின் குருதியை ஆய்ந்தனர். அவர்களிடம் கிடைத்தது அரிவாளணு ஈமோகுளோபின் அன்று. வங்கத்திலும் தென்கிழக்காசியாவிலும் மிகுந்து வழங்கும் ஈமோகுளோபின் 'இ' என்னும் வேறொரு மாற்றுரு. இனத்தின் பெயருக்கு உரியவர்களிடமே அவ்வினத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்ட மரபணு இல்லாதுபோயிற்று. கோட்பாட்டை வீழ்த்திய சான்றைத் தேடித் தந்தவர்களுள் கோட்பாட்டை வகுத்தவரே ஒருவராக இருந்தமை அறிவியலுக்குப் பெருமை சேர்ப்பது.

காய்ச்சலும் உயரமும்

லேமன் இனக் கோட்பாட்டை எழுதிய அதே 1954ஆம் ஆண்டில், கிழக்காப்பிரிக்காவில் வளர்ந்த அந்தனி அலிசன் என்னும் இளம் மருத்துவர் வேறொரு விளக்கத்தை வெளியிட்டார். அரிவாளணுப் பண்பைச் சுமப்போர் மலேரியாவின் கொடுமையிலிருந்து காக்கப்படுகின்றனர் என்பது அவர் கூற்று. இரு பெற்றோரிடமிருந்தும் மரபணுவைப் பெற்றவர் நோயால் மடிகிறார். மரபணுவே இல்லாதவர் குழந்தைப் பருவத்திலேயே மலேரியாவால் மடியும் வாய்ப்பு மிகுதி. ஒன்றை மட்டும் பெற்றவர் பிழைத்துப் பெருகுகிறார். உயிர்கொல்லும் மரபணு ஒன்று ஏன் அழியாமல் ஓங்கி நிற்கிறது என்னும் புதிருக்கு இது விடை. தலசீமியாவைப் பற்றி இத்தகைய கருத்தை ஹால்டேன் 1949இலேயே கூறியிருந்தார். பின்வந்த ஆய்வுகள் அலிசனை உறுதிசெய்தன. கடும் மலேரியாவிலிருந்து பண்பைச் சுமப்போர் பெறும் பாதுகாப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு என இன்று கணிக்கப்படுகிறது.

இக்கருதுகோளை வரலாற்றோடு பொருத்தியவர் மானிடவியலார் பிராங்க் லிவிங்ஸ்டன். 1958இல் அவர் மேற்காப்பிரிக்காவை எடுத்துக்கொண்டார். காட்டை வெட்டி வேளாண்மை செய்தபோது வெயில்படும் தேங்குநீர் பெருகியது, கொசு பெருகியது, மலேரியா வேரூன்றியது, அதன்பின் மரபணு ஓங்கியது என்பது அவர் காட்டிய தொடர். மனிதரின் கலப்பையும் கோடரியும் மரபணுவின் பரவலை மாற்றும் என்பதை அவருடைய கட்டுரை நிறுவியது.

லேமனின் நீலகிரிச் செய்தியை லிவிங்ஸ்டன் வழியில் மீண்டும் படித்துப்பார்க்கலாம். தோடரும் படகரும் வாழ்வது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர்ந்த குளிர்ந்த மேட்டுநிலத்தில். அவ்வுயரத்தில் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி முதிர்வதற்கு வேண்டிய வெப்பம் இல்லை. ஐரோப்பியர் உதகையைக் கோடை வாழிடமாகக் கொண்டதற்கு அதன் குளிர் மட்டுமன்றி, காய்ச்சலற்ற தன்மையும் காரணம். இருளரும் குறும்பரும் வாழ்ந்தவை கீழ்ச்சரிவுகள். பணியர் வாழ்ந்தது வயநாட்டுத் தாழ்நிலம். மலையடிவார ஓடைகளில் பெருகும் அனாபிலிஸ் புளூவியாடிலிஸ் கொசுவின் இடங்கள் அவை. தோட்டக்காரரும் பொன்தேடிகளும் வயநாட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சிய செய்தி பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகளில் நிறைந்துள்ளது. பின்னாளில் திருவிதாங்கூரிலிருந்து வயநாட்டில் குடியேறிய உழவர்களும் அக்காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்தனர். இனத்தின் எல்லை என லேமன் கண்ட கோடு, காய்ச்சலின் எல்லைக் கோட்டோடு பெரிதும் ஒன்றிச் செல்கிறது.

இதற்கு வலுவான சான்று வயநாட்டுச் செட்டிமார். இவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லாத வேளாண் சமூகத்தார். 'திராவிடருக்கு முந்தையோர்' என எவரும் இவர்களைக் குறித்ததில்லை. ஆயினும் வயநாட்டில் நிகழ்ந்த பிற்கால ஆய்வுகள், பணியர், முள்ளுக்குறும்பர், அடியர் ஆகியோரோடு இவர்களிடமும் அரிவாளணு மரபணு மிகுந்திருப்பதைக் காட்டின. தலைமுறை தலைமுறையாக அதே சதுப்பு வயல்களில், அதே கொசுக்கடியில் வாழ்ந்தவர்கள் இவர்கள்.

எனினும் மலேரியா ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் எனக் கொள்வதும் மிகை. தமிழகச் சமவெளியிலும் மலேரியா இருந்தது. அங்கே இம்மரபணு அரிது. இயற்கைத் தேர்வு இருக்கும் மரபணுவைப் பெருக்குமேயன்றி, இல்லாததைக் கொண்டுவராது. அது முதலில் வந்து சேரவேண்டும். சேர்ந்தபின் திருமண உறவால் பரவவேண்டும். இந்தியச் சமூகங்களிடையே கலப்பு ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் அருகி, அகமணம் இறுகியது என்பதை மூர்ஜானி முதலியோர் 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வு காட்டுகிறது. மலையிலிருந்து சமவெளிக்கு ஒருநாள் நடை. மணவுறவோ நூற்றாண்டுகளாக இல்லை. மரபணு மணவெல்லையில் நின்றுவிட்டது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

குறித்தொடர்கள் காட்டிய ஆசிய வேர்

1978இல் ஆய்வுக் கருவி மாறியது. கானும் டோசியும் மரபணுவை மட்டும் பாராமல், அதன் அக்கம்பக்கத்தையும் பார்த்தனர். பதினோராம் குரோமோசோமில் பீட்டா குளோபின் மரபணுவைச் சுற்றி, நோயோடு தொடர்பற்ற சிறுசிறு வேறுபாடுகள் உள்ளன. அவை ஒன்றாகவே தலைமுறைகளைக் கடந்து வரும். இத்தொகுதியை ஹாப்லோடைப் என்பர். இங்கே குறித்தொடர் எனக் குறிக்கப்படுகிறது. ஒரு பழஞ்சுவடியின் இரண்டு படிகளில் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என ஐயுறலாம். பிழையைச் சூழ்ந்த பாடவேறுபாடுகளும் ஒத்திருந்தால் ஐயம் உறுதியாகும். அவை முற்றிலும் வேறுபட்டால், இரு ஏடெழுதுவோர் தனித்தனியே அதே பிழையைச் செய்தனர் எனக் கொள்ளத் தோன்றும். பதிப்பாசிரியரின் இவ்வழியே மரபியலாரின் வழியும்.

1984இல் பாக்னியே குழுவினர் ஆப்பிரிக்காவில் மூன்று வேறு குறித்தொடர்களைக் கண்டனர். அவை செனகல், பெனின், பண்டு எனப் பெயர் பெற்றன. 1986இல் குலோசிக் குழுவினர் கிழக்குச் சவுதி அரேபியாவிலும் இந்தியாவிலும் நான்காவது ஒன்றைக் கண்டு, அரிவாளணு மாற்றம் ஆசியாவில் தனித்துத் தோன்றியது என்றனர். அரபு-இந்தியக் குறித்தொடர் என்பது அதன் பெயர். 1989இல் லேபி முதலியோர் இந்தியப் பழங்குடியினரின் குறித்தொடர்களை ஆய்ந்து, இந்திய மரபணுவுக்கு ஒரே வேர் எனக் கண்டனர். நீலகிரி இருளரும் ஒடிசா உழவரும் பாரசீக வளைகுடாவின் பேரீச்சைச் சோலைகளில் வாழும் அரபியரும் ஒரே பழம்படியின் வழியினர் என்பது இதன் பொருள்.

இம்முடிவு இரண்டு பழங்கருத்துகளை ஒருங்கே ஒதுக்கியது. சித்தியர் போன்ற ஆப்பிரிக்க வழியினர் மூலம் அண்மைய நூற்றாண்டுகளில் இம்மரபணு இந்தியாவெங்கும் பரவியது என்ற கருத்து ஒன்று. அவ்வாறாயின் இங்கும் ஆப்பிரிக்கக் குறித்தொடர்களே மிகுந்திருக்கவேண்டும். மற்றொன்று லேமனுடையது, வேடரினத்தாரிடமிருந்து கிழக்காப்பிரிக்காவுக்குச் சென்றிருந்தால், அங்கே அரபு-இந்தியக் குறித்தொடர் ஓங்கியிருக்கவேண்டும். அங்கே ஓங்கியிருப்பது பண்டுத் தொடர். சவுதி அரேபியாவுக்குள்ளேயே கிழக்குக் கரையில் அரபு-இந்தியத் தொடரும், செங்கடலை நோக்கிய மேற்கில் பெனின் தொடரும் காணப்படுவது சுவையான செய்தி. ஒரு நாட்டின் இரு கரைகள் இரு கடல்களின் வாணிகத்தைக் குருதியில் பதித்து வைத்துள்ளன.

ஒரு வேரா, பல வேர்களா?

பல வேர்க் கொள்கை முப்பதாண்டு பாடநூல்களில் நிலைபெற்றிருந்தது. 2018இல் ஷிரைனர், ரொட்டிமி ஆகிய இருவரும் முழு மரபணுத் தொகுப்புகளைக் கொண்டு அதனை மறுத்தனர். குறித்தொடர்கள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து, மரபணுத் துண்டுகளின் இடமாற்றத்தாலும் பின்னைய மாற்றங்களாலும் கிளைத்தவை. அம்மூலம் ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன், சகாரா பசுமையாயிருந்த காலத்தில் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்பது அவர்கள் முடிவு. அடுத்த ஆண்டே லவால் குழுவினர் ஆப்பிரிக்க வேளாண் மக்களையும் மழைக்காட்டு வேட்டுவரையும் ஒப்பிட்டு, மாற்றத்தின் வயது ஏறத்தாழ 22,000 ஆண்டுகள் எனக் கணித்தனர். ஒன்று வேளாண்மையோடு ஒட்டிய காலம்; மற்றொன்று அதற்கு நெடுங்காலம் முந்தையது. கணிப்புமுறை மாறினால் வயது மும்மடங்காகிறது எனில், எந்த எண்ணையும் இறுதியாகக் கொள்ள இயலாது.

ஒற்றை வேர்க் கொள்கை சரியாயின், இந்தியாவுக்கு இம்மரபணு மிகத் தொன்மையான ஒரு காலத்தில் மேற்கிலிருந்து வந்திருக்கவேண்டும். மறுப்பதற்கில்லை, ஆயினும் 2018 ஆய்வின் தரவில் ஆப்பிரிக்க மரபினரே பெரும்பான்மையர். சுவடி ஒப்புமையைத் தொடர்ந்தால், ஒரு கிளையின் படிகளை மிகுதியாகவும் மற்றொரு கிளையின் படிகளைச் சிலவாகவும் வைத்து மூலபாடம் நிறுவப்பட்டுள்ளது. நீலகிரி, வயநாடு, ஒடிசா, விதர்ப்பா, கத்தீஃப் ஆகிய இடங்களின் முழு மரபணுத் தொகுப்புகளைப் பக்கம்பக்கமாக வைத்துப் படிக்கும்போதே அரபு-இந்தியக் கிளையின் வயதும் திசையும் துலங்கும். எம்முடிவு வரினும் நீலகிரியில் அது ஏன் ஓங்கியது என்பதற்கான விளக்கம் மாறப்போவதில்லை. பிறந்த இடம் சகாராவாயினும் சிந்துவெளியாயினும், அதனை இருளரிடம் நிலைக்கச் செய்தது நீலகிரி அடிவாரத்துக் காய்ச்சலே.

தோற்ற ஆய்வு மருத்துவமனைக்குள் நுழைந்தபோது

அரபு-இந்தியக் குறித்தொடருடைய நோயாளிகளிடம் கருநிலை ஈமோகுளோபின் பிறந்தபின்னும் மிகுதியாகத் தொடர்கிறது. அது அரிவாளணு இழைகள் கோக்கப்படுவதைத் தடுக்கும். பிறந்த குழந்தைகளிடம் நோய்க்குறி தோன்றாமைக்கு இதுவே காரணம் என 1948இலேயே ஜேனட் வாட்சன் உய்த்துணர்ந்திருந்தார். கிழக்குச் சவுதியிலும் ஒடிசாவிலும் நோய் மென்மையாக இருப்பதைக் கண்டபின், 'இந்திய வகை மென்மையானது' என்ற எண்ணம் மருத்துவரிடையே பரவியது. பின்னர் நாகபுரியிலிருந்து வந்த ஆய்வுகள் அதே குறித்தொடருடைய குழந்தைகள் கடும்வலியோடும் தொற்றுகளோடும் துன்புறுவதைக் காட்டின. சில பழங்குடியினரிடம் நோய் தணிந்திருப்பதற்கு அவர்களிடம் மிகுந்துள்ள ஆல்பா தலசீமியாவும் துணைக்காரணம். மரபணுவின் முகவரியை அறிந்த அளவிலேயே நோயாளியை அறிந்துவிட்டதாகக் கொண்டது, லேமனின் பழைய பிழையின் புதிய வடிவம்.

'பழங்குடி நோய்' என்னும் பெயரும் அவ்வாறே. விதர்ப்பாவில் பட்டியல் சாதியினரிடமும் பிற பிற்படுத்தப்பட்டோரிடமும் இந்நோய் பரவலாக உள்ளது. பழங்குடிப் பெயர் இல்லாத நோயாளி மூட்டுவலியுடன் வந்தால், வாதக்காய்ச்சல் என மருந்து தரும் மருத்துவருக்கு இந்நோய் நினைவுக்கு வருவதில்லை. பெயர் பொருந்துபவருக்கோ வேறொரு துன்பம்: பண்பை மட்டும் சுமக்கும் நலமான பெண்ணும் நோயாளி எனக் கருதப்பட்டு, மணம் பேசுமிடத்தில் ஒதுக்கப்படுகிறார்.

2023ஆம் ஆண்டு சூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் சாதோலில் அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்புத் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் அதன் இலக்கு. பரிசோதிக்கப்பட்டோருக்கு மரபணு நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது. பரிசோதனை வரவேற்கத்தக்கது, ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்து உரிய காலத்தில் கிடைக்க அதுவே வழி. ஆனால் 'ஒழிப்பு' என்ற சொல்லை மரபணுவின் கணக்கில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

நூற்றுக்கு 30 பேர் சுமக்கும் ஊரை மீண்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே மரபணுவின் அளவு 15 விழுக்காடு. மலேரியா முற்றிலும் நீங்கி, பண்பால் எந்த நன்மையும் இல்லாதுபோய், நோயுடன் பிறப்போர் ஒருவரும் மகப்பேறு காணாத மிகக் கொடிய நிலையைக் கற்பனை செய்தாலும், ஒரு தலைமுறையில் மரபணு 15இலிருந்து 13 விழுக்காடாகவே குறையும். பத்துத் தலைமுறை, அதாவது ஏறத்தாழ 250 ஆண்டு கழிந்தபின்னும் 6 விழுக்காடு எஞ்சியிருக்கும். மருத்துவத்தால் நோயாளர் நெடிது வாழ்ந்து பிள்ளைபெறும்போது இக்குறைவு இன்னும் மந்தமாகும். அதுவே நாம் விரும்பவேண்டிய மந்தம். 2047 என்பது இன்று பிறக்கும் இருளக் குழந்தை பிள்ளைபெறும் வயதை எட்டும் ஆண்டு. அன்றும் அக்குழந்தையின் ஊரில் பாட்டன் பாட்டியரிடமிருந்த மரபணு ஏறத்தாழ அதே அளவில் இருக்கும். கையில் அட்டையும் இருக்கும்.